கிளினிக் வேண்டாம், பெண்களின் உணவும் நோயும் பற்றிய ஆராய்ச்சிதான் வேண்டும் என்கிறேன். இந்தப் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்

நிலா (ஹவுஸ் சர்ஜன்) கேட்டது:

ஹவுஸ் சர்ஜன்சி முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பி.ஜி.க்கு என்ன எடுப்பது என்று வீட்டில் தினமும் பேச்சு. நான் மகப்பேறு எடுத்து, சொந்த ஊரில் கிளினிக் போட்டு, கைராசி டாக்டர் என்று பெயர் வாங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கு மனசு வேறு பக்கம் இழுக்கிறது.

போன மாதம் மெடிசின் ஓ.பி.யில் ஒரு அம்மா வந்தார். 52 வயது, பத்து வருடமாகச் சுகர். என்ன சாப்பிடுவீர்கள், எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில என்ன இருக்கோ அதை வழிச்சுப் போட்டுக்குவேன்மா" என்றார். எத்தனை கரண்டி இருக்கும் என்றதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது, 'கலப்பு உணவு' என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் என்ன சாப்பிடுகிறார் என்றே தெரியாமல் எந்தத் தைரியத்தில் அவருக்கு டயட் சொல்கிறோம்?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜோஆன் மேன்சன் பற்றிச் சமீபத்தில் படித்தேன், பெண்களின் உடல்நலம், உணவு, இதய நோய், புற்றுநோய் என்று வாழ்நாள் முழுக்க இதே வேலையாக இருந்திருக்கிறார். இப்படிப்பட்ட வேலையில் தினமும் என்னதான் செய்வார்கள்? இருபது வருடம் உழைத்த பிறகு 'பலன் இல்லை' என்று முடிவு வந்தால் அதை எப்படித் தாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:

நிலா, நான் கம்யூனிட்டி மெடிசினில் (சமூக மருத்துவத்தில்) பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். மேன்சனுக்கு முன்னால் நர்ஸ்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவர்கள் இல்லாமல் அவர் வேலை இல்லை.

1976ல் பாஸ்டனில் ஃபிராங்க் ஸ்பைசர் என்பவர் நர்ஸ்கள் ஆய்வைத் தொடங்கினார். கருத்தடை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பின்னால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. நர்ஸ்கள் என்றால் மருத்துவக் கேள்வி புரியும், பதிலும் ஒழுங்காக வரும். அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 30 முதல் 55 வயது வரை உள்ள 1,21,700 பேர் தபாலில் பதில் அனுப்பினார்கள். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு கேள்வித்தாள். 1980ல் வால்டர் வில்லெட் என்ற உணவு ஆராய்ச்சியாளர் உணவுக் கேள்விகளைச் சேர்த்தார், 61 உணவுகள், ஒவ்வொன்றையும் எத்தனை நாளைக்கு ஒரு முறை சாப்பிடுகிறீர்கள் என்று. அப்புறம் கால் நகத்தை வெட்டி கவரில் போட்டு அனுப்பச் சொன்னார்கள், 60 ஆயிரம் பேருக்கு மேல் அனுப்பினார்கள்! நகம் மெதுவாக வளர்வதால் செலினியம் போன்ற சத்து பல மாதங்களுக்கு முன்பு உடம்பில் எவ்வளவு இருந்தது என்று அதில் தெரிந்துவிடும். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, அடுப்பு வேலை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து யாரோ முகம் தெரியாத ஆராய்ச்சியாளருக்காக நகம் வெட்டி ஒட்டி அனுப்பியவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நெகிழும்.

அதனால் என்ன கிடைத்தது என்றால், டால்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அப்போது நிறைய இருந்த டிரான்ஸ் கொழுப்பை அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 1993ல் இந்த நர்ஸ்களின் தகவலை வைத்துத்தான் வில்லெட் குழு எழுதியது. அதன் பிறகு பல நாடுகள் சட்டம் போட்டன, நம் நாட்டிலும் 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சரி, மேன்சனுக்கு வருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிற நர்ஸ்களுக்கு இதய நோய் ஏறக்குறைய பாதிதான் வருகிறது என்று 1991ல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் மேன்சனும் ஒருவர். அந்தக் காலத்தில் டாக்டர்கள் இதயத்தைக் காக்க என்றே ஹார்மோன் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அது யாருக்கும் மாத்திரை கொடுத்துச் சோதிக்காமல், தாங்களே சாப்பிட்டவர்களைக் கவனித்துப் பார்த்த ஆய்வுதான். மாத்திரை சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள், உடம்பைப் பேணுகிறவர்கள், அடிக்கடி டாக்டரிடம் போகிறவர்கள். நன்மை மாத்திரையால் வந்ததா, வசதியால் வந்ததா? கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும் இந்தச் சந்தேகம் முழுசாகப் போகாது.

அதே 1991ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநர் பெர்னடின் ஹீலி ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தார். 40 மையங்கள், 50 முதல் 79 வயது வரை 1,61,808 பெண்கள். பாஸ்டன் பக்கத்துப் பொறுப்பு மேன்சனுக்கு. இதில் கர்ப்பப்பை உள்ள 16,608 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை கொடுத்தார்கள். 2002 ஜூலையில், சராசரியாக 5.2 வருடத்தில், பாதியிலேயே நிறுத்தினார்கள். வருடத்துக்கு 10,000 பெண்களில் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்குக் கூடுதல், இதய நோய் 7, பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக்கட்டி 8. இடுப்பு எலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2003ல் அந்தச் சோதனையின் இதய முடிவுகள் தனிக் கட்டுரையாக வந்தன. மாத்திரையால் இதயத்துக்குப் பாதுகாப்பு இல்லை, முதல் வருடத்தில் ஆபத்து கூடவே செய்கிறது என்று எழுதினார்கள். முதல் பெயர் யாருடையது? மேன்சன். தானும் சேர்ந்து சொன்னதைப் பன்னிரண்டு வருடம் கழித்துத் தன் பெயரை முதலில் போட்டு மாற்றி எழுதினார். வகுப்பில் நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் மாணவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

'பலன் இல்லை' என்பதற்கும் குறைவில்லை. அதே திட்டத்தில் 48,835 பெண்களை வைத்து எட்டு வருடம் கொழுப்பு குறைந்த உணவைச் சோதித்தார்கள், 2006ல் வந்த முடிவில் மார்பகப் புற்றுநோயும் இதய நோயும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பின்னால் மேன்சன் தலைமையில் 25,871 ஆண் பெண்களுக்கு வைட்டமின் டி, மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோயும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் மொத்தத்தில் குறையவில்லை. இதெல்லாம் தோல்வி இல்லைம்மா. எத்தனை கோடிப் பேர் வீண் நம்பிக்கையில் காசு கொடுத்து மாத்திரை வாங்குகிறார்கள், அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா?

படிப்புக்கு வழி: எம்.டி. கம்யூனிட்டி மெடிசின், அல்லது சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் எம்.பி.எச். (பொது சுகாதார மேற்படிப்பு). திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையமும் நல்ல இடம். சென்னை நிறுவனத்தின் பெயரில் தொற்றுநோய் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், சுகர், பிரஷர் எல்லாம் அங்கேயும் பாடம்தான்.

கோமதி:

டாக்டரம்மா, நான் ஒரு உணவு ஆய்வில் ஆறு வருடம் வீடு வீடாகப் போனவள். நீங்கள் கேட்ட கேள்வி தப்பில்லை, இடம்தான் தப்பு. ஓ.பி. வரிசையில் நின்றுகொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது.

நாங்கள் "உங்க வீட்டுக் குழம்புக் கரண்டியைக் கொண்டு வாங்க" என்றுதான் ஆரம்பிப்போம். அதில் தண்ணீர் ஊற்றி அளவு குவளையில் கொட்டிப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஒரு கரண்டி 60 மில்லி, அடுத்த வீட்டில் 110. புத்தகத்தில் 'ஒரு கரண்டி' என்று போட்டுவிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும்! எண்ணெயை யாரிடமும் நேராகக் கேட்க மாட்டோம், மாதத்துக்கு எத்தனை பாக்கெட், எத்தனை பேர் சாப்பாடு, அவ்வளவுதான். அதிலும் பெண்ணின் பங்கு சரிசமமாக இருக்காது. பொரித்தது பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போய்விடும், அடியில் தங்கிய எண்ணெயில் சோற்றைப் பிரட்டிச் சாப்பிடுவது அந்த அம்மாதான். அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நாங்கள் மேலே கேட்டோம், கடைசியில் அதற்கென்று தனியாக ஒரு கேள்வி சேர்த்தார்கள்.

இன்னொன்று, மாமியார் பக்கத்தில் இருந்தால் ஒரு பதில், துணி துவைக்கும் கல் பக்கம் உட்கார்ந்து கேட்டால் வேறு பதில். செவ்வாய், வெள்ளி, அமாவாசை விரத நாளில் போய்க் கேட்டால் அந்த வாரமே குறைவாகத் தெரியும். முதல் தடவை சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், இன்னொரு நாளும் போக வேண்டும்.

ஜெயந்தி எம்.:

நான் டாக்டர் இல்லை, நோயாளியாக ஒரு வார்த்தை. எனக்கு 49 வயதில் மாதவிடாய் நின்றது. ராத்திரியில் உடம்பு கொதித்து வேர்வை ஊற்றும், பாயை நனைத்துவிடும், தூக்கமே இல்லை, காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும். ஹார்மோன் பற்றிக் கேட்டதற்கு ஒரு டாக்டர் "கேன்சர் வரும்" என்ற ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். அப்புறம் மகள் தேடிப் படித்துச் சொன்னாள்: வாத்தியார் ஐயா சொன்ன அந்த ஹார்மோன் சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயதே 63, ஐம்பதில் இருக்கும் பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது என்று. 2016ல் அதே மேன்சன்தான் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து, தேவைப்படுகிற, தகுதியுள்ள பெண்களுக்குக்கூட பயத்தில் சிகிச்சை மறுக்கிறார்கள் என்று எழுதினாராம். அடுத்த வருடம் வந்த கட்டுரையில், 18 வருடம் தொடர்ந்து பார்த்தும் மொத்த மரணங்களில் வித்தியாசம் இல்லை என்று இருக்கிறதாம்.

வேறொரு டாக்டரிடம் போய் எல்லாப் பரிசோதனையும் செய்து, என் உடம்புக்கு ஒத்து வரும் என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். எல்லாருக்கும் இது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களை மாதிரி ஒருவர் எண்ணை மட்டும் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடாமல், யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் எங்களுக்குப் புரிகிற தமிழில் சொன்னால் நன்றாக இருக்கும்.

குன்னூர்க்காரன்:

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் 1928ல் பம்பாய்க்கு வந்து பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் ரத்தசோகை எதனால் என்று பார்த்தார், எங்கள் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். 1931ல் சில மாதம் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்த ரத்தசோகை சரியாகிறது என்று கண்டார். அதில் இருந்த சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது, இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரையில் இரும்போடு இருப்பது அதுதான். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர் உங்களைச் சுமந்தபோது சாப்பிட்ட மாத்திரையாகவே இருக்கும்.

நிலா:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, 2003 கட்டுரையைத் தேடி எடுத்துவிட்டேன், இன்று ராத்திரி படிக்கிறேன். ஜெயந்தி அம்மா சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன். கோமதி அக்கா, அந்த அம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை மாத்திரை வாங்க வருவார். வரும்போது வீட்டுக் கரண்டியைக் கொண்டு வரச் சொல்லி போன் செய்தேன், "எதுக்கும்மா?" என்று கேட்டார், வாங்க சொல்றேன் என்றேன். எங்கள் வார்டில் அளவு குவளை இருக்கிறது. அவர் சாப்பிடுவது சட்டியில் மிஞ்சியது என்பதால் கரண்டிக் கணக்கு மட்டும் போதுமா, இல்லை சட்டியையும் அளக்க வேண்டுமா?

கோமதி:

சட்டியும் வேண்டும். முழுசாகச் சமைத்ததும் ஒரு தடவை, எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஒரு தடவை சமையலறைத் தராசில் எடை போடணும். ஆனால் அது அவர் வீட்டில்தான் முடியும். கூச்சப்படாமல் "ஒரு நாள் வரட்டுமா" என்று கேளுங்கள், பெரும்பாலும் வரச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுங்கள்.