கட்சிக்கு நன்கொடை தரவில்லை என்றால் போதுமா? ஆலோசனை நிறுவனங்களும் சட்டம் வகுப்போரும்

இளவேனில்:
தணிக்கை, வரி, சட்டம், மேலாண்மை ஆலோசனை என்று இயங்கும் பெரிய நிறுவனங்கள் பலவற்றில், அரசியல்வாதிகளோடு எப்படிப் பழகுவது என்று ஒரு கொள்கை எழுதி வைத்திருக்கிறார்கள். சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். கட்சிகளுக்குப் பணம் தர மாட்டோம், எந்தக் கட்சிக்கும் ஆதரவாகப் பேச மாட்டோம், ஆனால் சட்டம் வகுப்பவர்களுக்கு எங்கள் துறை அறிவைத் தருவோம்.

என் அலுவலகத்திலும் இப்படி ஒன்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நன்கொடை இல்லை என்று எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்று உடன் வேலை செய்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு மசோதாவின் ஒரு பிரிவைப் பற்றி அமைச்சரிடம் ஒரு மணி நேரம் பேசக் கிடைக்கும் வாய்ப்பு எந்த நன்கொடையை விடவும் பெரியது. அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன விதி வைப்பது?

வரிப்பேனா:
நான் வரி ஆலோசனையில் இருப்பவன். நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் சட்டம் தூய்மையாகிவிடும் என்ற எண்ணம் தவறு. வருமானம் கைக்கு வந்த நாளில் வரியா, கணக்கில் ஏறிய நாளிலா என்ற ஒரே கேள்வியைத் தெளிவில்லாமல் விட்டால் போதும், வருடக்கணக்கில் வழக்கு நடக்கும். பெரிய கம்பெனி வக்கீல் வைத்துச் சமாளித்துவிடும். சிறுதொழில் செய்பவர் வழக்குச் செலவிலேயே மூழ்கிப்போவார். வரைவு எழுதும் அதிகாரி திறமைசாலிதான். ஆனால் ஒரு கம்பெனியின் வருடக் கணக்கை உள்ளே இருந்து முடித்துப் பார்த்தவர் அல்லவே. அதைப் பார்த்தவர்கள் போய்ச் சொல்வதில் என்ன தப்பு?

தெளிநீர்:
அப்படிப் போய்ச் சொன்னவர்கள் ஆஸ்திரேலியாவில் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சார். பன்னாட்டு நிறுவனங்கள் வரி ஏய்க்காமல் தடுக்க அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. தயாரிப்புக் கட்டத்தில் பிடபிள்யூசி (PwC) என்ற பன்னாட்டுக் கணக்கு, ஆலோசனை நிறுவனத்தின் வரிப் பார்ட்னர் ஒருவரை, ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆலோசனைக்கு அழைத்தது அரசு. உள்ளே கேட்டதை அவர் தன் நிறுவனத்தாரோடு பகிர்ந்துகொண்டார். புதுச் சட்டத்தை எப்படிச் சுற்றிப் போகலாம் என்ற யோசனை வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் விற்பனைக்குப் போனது.

2023 மே மாதம் அந்த நிறுவனத்தின் 144 பக்க உள் மின்னஞ்சல்கள் நாடாளுமன்ற மேலவையான செனட் வழியாக வெளியே வந்தன. ஆஸ்திரேலியக் கிளையின் தலைவர் பதவி விலகினார். அரசுக்கு ஆலோசனை சொல்லும் பிரிவையே 1 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றார்கள். கட்சிக்குப் பணம் தராதே என்ற விதி இதில் எதைத் தடுத்திருக்கும்?

வரிப்பேனா:
அது அப்பட்டமான ஒப்பந்த மீறல். அவருடைய பதிவை வரி ஆலோசகர் வாரியம் ரத்து செய்தது, அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு அதைக் காப்பாற்றுகிறவர்களையும் அதே கணக்கில் சேர்க்காதீர்கள்.

தெளிநீர்:
சரி, ரகசியப் பேச்சே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிரிட்டன், 2013 ஏப்ரல், நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை. நான்கு பெரிய கணக்கு நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களை நிதியமைச்சகத்துக்கு அயல்பணியில், அதாவது கொஞ்ச காலம் அங்கே உட்கார்ந்து வேலை செய்ய, அனுப்பிக்கொண்டிருந்தன. காப்புரிமை மூலம் வரும் லாபத்துக்குக் குறைந்த வரி போடும் விதிகள் உருவானபோது அந்த நான்கில் ஒன்றான கேபிஎம்ஜியின் ஊழியர்கள் ஆலோசனை சொன்னார்கள். அப்புறம் அந்த விதியால் வாடிக்கையாளருக்கு என்ன ஆதாயம் என்று நிறுவனம் விளம்பரப் பிரசுரம் போட்டது. விதி உருவானதில் தங்களுக்கு இருந்த பங்கையே அதில் தகுதியாகக் காட்டியது.

என்னைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியாவை விட இதுதான் கவலை தரும் விஷயம். அங்கே ஒருவர் வாக்கை மீறினார், பிடித்துத் தண்டித்தார்கள். இங்கே எல்லாம் வழக்கமான நடைமுறையாகவே நடந்தது. சட்டம் எழுத உதவியவரும் அந்தச் சட்டத்தில் வழி காட்டிக் கட்டணம் வாங்குபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம்வரிசை:
ஓர் அமைச்சகத்தில் வரைவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேசையின் அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். எங்களிடம் ஆள் பற்றாக்குறை நிரந்தரம். ஒரு நிறுவனம் நல்ல ஆளை, சம்பளத்தையும் தானே கொடுத்து அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லும் மேலதிகாரி அபூர்வம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இலவசமாக வந்தவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. எந்தக் கோப்பைப் பார்த்தார், எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தார் என்று குறித்து வைப்பதும் இல்லை. சம்பளத்தை அரசு கொடுத்தால் அவருடைய நேரம் அரசுக்குச் சொந்தம், அவரும் அப்படித்தான் நடந்துகொள்வார்.

இன்னொன்று. தொழிற்சங்கமோ சிறு வணிகர் சங்கமோ நுகர்வோர் அமைப்போ ஒரு வருடத்துக்கு ஓர் ஆளை இலவசமாக அனுப்ப முடியாது. ஆகவே அறிவு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வந்து சேர்ந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் எந்தப் பிரச்சினை முதலில் எங்கள் மேசைக்கு வரும் என்பதை ஆள் அனுப்பிய நிறுவனங்கள்தான் தீர்மானித்தன.

இளவேனில்:
இது எனக்குப் புதுக் கோணம், ஐயா. நன்றி. ஒரு துணைக் கேள்வி. எங்கள் நிறுவனத்தில் தணிக்கையும் உண்டு. தணிக்கை செய்யும் வாடிக்கையாளருக்காக நாங்கள் அரசிடம் பேசலாமா?

வரிப்பேனா:
கூடவே கூடாது. இதில் நான் தெளிநீரை விடக் கறாரானவன். 2014 ஜூலையில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற தணிக்கை நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கையைப் படியுங்கள். அவர்களுடைய துணை நிறுவனம் ஒன்று, தணிக்கை வாடிக்கையாளர்கள் இருவருக்காக நாடாளுமன்ற ஊழியர்களிடம் வாதாடியது என்பது குற்றச்சாட்டு. 40 லட்சம் டாலருக்கு மேல் கட்டி முடித்துக்கொண்டார்கள். ஒருவருடைய கணக்கு சரியா என்று சுதந்திரமாகச் சொல்ல வேண்டியவர் அவருக்காகவே வாதாடப் போனால், அந்தத் தணிக்கைக் கையெழுத்தை யார் நம்புவார்கள்?

மூன்றாம்வரிசை:
மேலாண்மை ஆலோசனையிலும் இதே கதைதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஓபியாய்டு எனும் அடிமைப்படுத்தக்கூடிய வலிநிவாரணி மருந்துக் கம்பெனிகளுக்கும் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் ஒரே காலத்தில் வேலை செய்தது. அதன் ஆலோசகர்கள் குறைந்தது 22 பேர் இரு பக்கமும் பணியாற்றியதாக 2022இல் நாடாளுமன்றக் குழு சொன்னது. யார் யாருக்கு வேலை செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் கட்டுப்பாட்டு அமைப்பு வேறு முடிவு எடுத்திருக்கலாம்.

தெளிநீர்:
அதனால்தான் சட்டம் வகுப்போரிடம் பேசுவதையெல்லாம் எழுதி வைக்கும் பொதுப் பதிவேடு வேண்டும் என்கிறேன். அயர்லாந்தில் 2015 சட்டப்படி வருடத்துக்கு மூன்று முறை தாக்கல் செய்ய வேண்டும். யாரிடம் பேசினோம், எதைப் பற்றி, என்ன முடிவை எதிர்பார்த்து என்பதை எவரும் இணையத்தில் பார்க்கலாம். பிரிட்டனின் 2014 சட்டமோ லாபியிஸ்டுகளில், அதாவது சட்டத்தையும் கொள்கையையும் மாற்றச் சொல்லி அரசிடம் வாதாடுபவர்களில், அடுத்தவருக்காகப் பேசுபவர்களை மட்டும்தான் பிடிக்கிறது. அதிலும், முக்கியத் தொழில் வேறாக இருந்து இந்தப் பேச்சு அதற்குத் துணையாக மட்டும் நடந்தால் பதிவு வேண்டாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். தணிக்கை நிறுவனத்துக்கும் சட்ட நிறுவனத்துக்கும் இதைவிட வசதியான வாசல் உண்டா? சட்டம் கேட்காவிட்டாலும் நாங்களே வெளியிடுவோம் என்று ஒரு நிறுவனம் எழுதட்டும், அதன் பொறுப்புணர்வை நம்புகிறேன்.

வரிப்பேனா:
இங்கேதான் எனக்கு முட்டுகிறது. வாடிக்கையாளர் பெயரை வெளியிடாமல் காப்பது எங்கள் தொழில் கடமை. ஒருவர் தன் வரிச் சிக்கலுக்காக எங்களிடம் வந்தார் என்பதே வெளியே தெரியக்கூடாத செய்தியாக இருக்கலாம்.

தெளிநீர்:
அவர் ஆலோசனை கேட்டால் பெயரைக் காப்பாற்றுங்கள், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அவருக்காகச் சட்டத்தை மாற்றச் சொல்லிப் போகும்போது அது அவருடைய தனி விஷயமாக இருப்பதில்லை, அந்தச் சட்டத்தின் கீழ் வாழப்போகிற எல்லாருடைய விஷயமாகிவிடுகிறது. பெயர் சொல்ல வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லையா, அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். "எங்கள் நிபுணர் கருத்து" என்ற பெயரில் கட்டணம் வாங்கிய வாதத்தைக் கொண்டுபோய் வைப்பது அமைச்சரையும் ஏமாற்றுவது.

வரிப்பேனா:
கட்டணம் வாங்கிக்கொண்டு பேசினால் பெயர் சொல்ல வேண்டும் என்பதை ஏற்கிறேன். சம்மதம் இல்லை என்றால் போகக் கூடாது என்பதும் நியாயம்தான். கட்டணமே இல்லாமல், ஒரு வரைவில் இருக்கும் பிழையைச் சுட்டிக்காட்ட எழுதும் கடிதத்தை அப்படியே இணையத்தில் போட்டுவிடலாம், அதிலும் தயக்கம் இல்லை. ஆனால் அயல்பணியையே நிறுத்தச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாம்வரிசை:
நிறுத்த வேண்டாம். சம்பளம் அரசு தரட்டும். பார்த்த கோப்புகளின் பட்டியல் இருக்கட்டும். அவர் தொட்ட சட்டத்தை வைத்து, திரும்பிப் போன பிறகு குறிப்பிட்ட காலம் வாடிக்கையாளர் வேலை செய்யக் கூடாது. அந்தத் தடை ஆளுக்கு மட்டும் போதாது, அவருடைய குழுவுக்கும் வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவரிடம் வாய்வழியாகச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

இளவேனில்:
எவ்வளவு காலம் என்று எழுதட்டும்?

வரிப்பேனா:
ஒரு வருடம். அயர்லாந்தில் பதவியை விட்ட அமைச்சர் லாபியிங் செய்வதற்கான தடையே அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் இளம் ஆலோசகர் யாரும் அரசுப் பணிக்குப் போக முன்வர மாட்டார்கள்.

தெளிநீர்:
கனடாவில் உயர் பதவி வகித்தவர்கள் லாபியிங் செய்ய 5 வருடம் தடை. ஒரு வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து அதன் முதல் தாக்கல் முடியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆலோசனைக்கு அதிகக் கட்டணம் கிடைப்பதும் அந்தக் காலத்தில்தான். குறைந்தது மூன்று என்று எழுதுங்கள், இளவேனில். உங்கள் பார்ட்னர்கள் எந்த எண்ணில் வாதாடத் தொடங்குகிறார்கள் என்று இங்கே வந்து சொல்லுங்கள்.