எமரால்டு பக்கம் புல்மேடு: பறவைகளுக்காக என்ன மரம் நடலாம்?

மலைச்சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில் எமரால்டு தாண்டி என் மாமாவுக்கு 4 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கீழே ஓடையை ஒட்டிச் சின்னதாக ஒரு சோலை, நடுவில் முழுக்கப் புல், மேலே சீகை (வெளிநாட்டு வாட்டில்) மரங்கள். பல வருஷமாக அதில் விவசாயம் கிடையாது, பறவைகளுக்கே விட்டுவிடலாம் என்று மாமாவும் சொல்லிவிட்டார். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஜூனில் மழை பிடித்ததும் அந்தப் புல்மேட்டில் 500 கன்று நடலாம் என்று இருக்கிறோம். நாவல், காட்டுச்செண்பகம் மாதிரி பழம் தருகிற மரமாக வைத்தால் நீலகிரி சிரிப்பான், காட்டுப்புறா எல்லாம் வரும் என்பது எங்கள் எண்ணம். போன வாரம் ஓடைப் புதருக்குள் சோலைக்கிளி (பெயர்தான் கிளி, இது ஒரு சின்னப் புதர்ப் பறவை) ஒன்றைப் பார்த்தேன், நீல நெஞ்சும் செங்காவி விலாவுமாக இரண்டு நொடி நின்றுவிட்டு உள்ளே போய்விட்டது. எந்தக் கன்று, எவ்வளவு இடைவெளி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புல்தரை:
தம்பி, உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் தயவுசெய்து அந்தப் புல்லில் ஒரு கன்றுகூட நட வேண்டாம்.

நீங்கள் காலி இடம் என்று நினைக்கிற அந்தப் புல்தான் நீலகிரி நெட்டைக்காலிக்கு வீடு. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், உயரத்தில் இருக்கும் புல்வெளிகளில் மட்டும் வாழ்கிற பறவை அது. மரம் வந்தால் போய்விடும், வேறு போக்கிடமும் அதற்கு இல்லை. இரண்டு வருஷம் முன்னால் மே மாதம் அவலாஞ்சி பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, காலுக்கு ஒரு அடி தள்ளி ஒரு புல் தூரின் அடியிலிருந்து சட்டென்று கிளம்பியது. குனிந்து பார்த்தால் தூருக்குள்ளேயே காய்ந்த புல்லால் உள்ளங்கை அளவு கிண்ணம், அதில் பழுப்புப் புள்ளி போட்ட இரண்டு முட்டை. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன். அன்றிலிருந்து அந்தக் காலத்தில் புல்மேட்டில் நான் இறங்குவதே இல்லை.

1973 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளில் 23 சதவீதம், சுமார் 340 சதுர கிலோமீட்டர், சீகை, பைன், கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்குப் போய்விட்டது. சோலைகள் ஓரளவு தாக்குப்பிடித்து நிற்கின்றன, அடி வாங்கியது புல்தான். புதிதாக நடுவதை நிறுத்தின பிறகும் சீகை தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. அப்புறம் இன்னொன்று, டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும்போது திறந்த புல்லில் வைத்த சோலைக் கன்று பெரும்பாலும் கருகிவிடும். உங்கள் உழைப்பும் வீண்.

கோத்தகிரி_வாசி:
மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் அந்தச் சீகையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் புல்லில் நடாதே என்றதும் அடுத்து எல்லாருக்கும் கை பரபரப்பது அதை வெட்டத்தான். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, பட்டா நிலமானாலும் அனுமதி வாங்காமல் கோடாரி வைக்கக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் ஒரே மூச்சில் மொட்டையடித்துவிடாதீர்கள். நாங்கள் ஒரு சரிவில் அப்படித்தான் செய்தோம். வெயில் நேராக மண்ணில் விழுந்ததும், அடுத்த மழைக்கே சீகை நாற்றங்கால் மாதிரி முளைத்துக் கிடந்தது, கால் வைக்க இடமில்லை. அதன் விதை பல பத்து வருஷம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். நாலு வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பிடுங்குகிறோம், இன்னும் முடியவில்லை. மண் ஈரமாக இருக்கும்போது முழங்கால் உயரக் கன்று வேரோடு கையில் வந்துவிடும், வளரவிட்டால் வராது.

வெட்டுவதற்கு முன் அந்த மரங்களுக்கு அடியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பழைய சீகை நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தானாக வந்திருக்கும், பறவை போட்ட விதை. அங்கே கைவைக்காதீர்கள், நிழல் போனால் அதுவும் போகும். புல்லை நோக்கி இறங்கி வருகிற இளம் சீகையை மட்டும் முதலில் எடுங்கள்.

எங்கள் ஊர் லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர்தான், ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகக் காவல் காத்த காடு. 2024 ஜனவரியில் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சிரிப்பான், காட்டுப்புறா இரண்டும் அங்கே இருக்கின்றன. அதனால் சின்ன இடம் என்று யோசிக்காதீர்கள்.

மலைச்சாரல்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, உண்மையில் கொஞ்சம் பதறிவிட்டேன், கன்றுக்கு முன்பணமே கொடுக்க இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு போய்ச் சீகைக்கு அடியில் தேடினோம். ஓடை திரும்பும் மூலையில் மட்டும் சோலைக் கன்றுகள், எண்ணிப் பார்த்ததில் 23. மற்ற இடமெல்லாம் சருகுதான். புல்லுக்குள் இடுப்பளவு சீகை நிறைய இறங்கியிருக்கிறது. அதைப் பிடுங்கின இடத்தில் புல் தானாக வருமா? சிரிப்பானுக்கென்று எதுவுமே நடக்கூடாதா?

புல்தரை:
பக்கத்தில் நல்ல புல் இருந்தால் சின்ன இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். பெரிய வெறும் திட்டாக இருந்தால், உங்கள் நிலத்திலேயே அடர்ந்த தூர்களில் கொஞ்சம் கொஞ்சம் பிரித்து எடுத்து மழை தொடங்கியதும் ஊன்றுங்கள், வெளியிலிருந்து தீவனப் புல் விதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். சிரிப்பானுக்குச் சோலை ஓரத்தில் தவிட்டுப்பழச் செடி வையுங்கள், அந்தப் பழம் அதற்கு உயிர். சோலைக்கிளிக்கு அந்த இருட்டுப் புதர் அப்படியே இருந்தால் போதும், சுத்தம் செய்கிறேன் என்று அடியில் வெட்டாதீர்கள்.

ஜூன் வரை புல்மேட்டுக்குள் யாரும் நடக்க வேண்டாம். பாதையில் நின்று பைனாகுலரில் பாருங்கள். வாயில் புழுவோடு ஒரு பறவை திரும்பத் திரும்ப ஒரே தூரில் இறங்கினால் இங்கே எழுதுங்கள், அந்தப் பக்கம் சீகை பிடுங்குவதைக் குஞ்சு பறக்கும்வரை தள்ளிப்போட்டுவிடலாம்.