புதுப்பிப்பு: டோக்கியோ காமிக்கெட் போயிட்டு வந்தாச்சு

ஆகஸ்ட் காமிக்கெட்டுக்கு (ரசிகர்கள் தாங்களே போடுற காமிக்ஸ் புத்தகங்களை விக்கிற பெரிய சந்தை) முதல் தடவையா போறேன், வெயில், கூட்டம், பணம் எல்லாத்தையும் எப்படிச் சமாளிக்கிறதுன்னு இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ரொம்பக் கைகொடுத்தது "சில்லறையா மாத்திக்கோங்க" யோசனைதான். ரசிகர்கள் தாங்களே வரைஞ்சு அச்சடிக்கிற புத்தகங்கள் பெரும்பாலும் 500, 1000 யென். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது கடைக்காரர் இல்லை, வரைஞ்சவரே. 10,000 யென் தாளை நீட்டினா பாவம், முழிப்பார். 500 யென் நாணயங்களைச் சின்ன ஜிப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கிட்டேன். வரிசை நகர்ற வேகத்துக்கு அதுதான் சரி.

காலை அனுமதிக்குப் பதிலா மதிய அனுமதிச் சீட்டு எடுக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. வெட்டவெளியில் காயாம உள்ளே போயிட்டேன். பிரபலமா வரையுறவங்களோட மேசையில் அதுக்குள்ள புத்தகம் தீர்ந்திருந்துச்சு. எனக்கு அது பெரிசா படலை.

எதிர்பாராதது: காமிக்கெட் நடக்கிற பிக் சைட் அரங்கத்தில் மொபைல் நெட் படுத்துடுச்சு. அரங்க வரைபடத்தை முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. திரும்பி வர்ற ரயில் காசையும் காலையிலேயே சுய்க்கா கார்டில் (ரயிலுக்கான ப்ரீபெய்ட் கார்டு) ஏத்திடுங்க.

காஸ்பிளே (காமிக்ஸ் பாத்திரம் மாதிரி வேஷம் போடுறது) பத்திக் கேட்டவருக்கு: வேஷத்தோட வரவும் கூடாது, போகவும் கூடாது. கட்டணம் கட்டி, அங்கேயே உடை மாத்தணும்.