மைனஸ் 80-ஐ மைனஸ் 70 ஆக்கினால் பல்கலைக்கழகம் பசுமை ஆகிவிடுமா?

நேட்டால்_மின்கணக்கு
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "டர்பன் பல்கலைக்கழகங்களில் நிலைத்தன்மை (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வாழ்வது) எல்லாப் பாடத்திலும் வந்துவிட்டது, இனி மாணவர்கள் மனம் மாறினால் போதும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே வந்தது? பாடத்திட்டத் தாளின் ஓரத்தில் ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நாலு வண்ணக் கட்டம் ஒட்டியிருக்கிறது. அதற்கு மதிப்பெண் உண்டா? கிடையாது. மதிப்பெண் இல்லாததை எந்தப் பிள்ளை படிக்கும்? அதே கட்டிடத்தின் ஆய்வகத்தில் ஆய்வு மாதிரிகளைக் காக்கும் ஃப்ரீசர்கள் மைனஸ் 80 டிகிரியில் இராப்பகலாக ஓடுகின்றன. பழைய பெட்டி ஒன்று நாளுக்கு 20 யூனிட் இழுக்கும், வருடத்துக்கு 7,300. தென்னாப்பிரிக்க அரசு நிறுவனமான எஸ்கோம் தரும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரி. யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு. பெட்டிக்கு 7 டன்! மைனஸ் 70-க்கு மாற்றினால் ஏறக்குறைய 30 சதவீதம் மிச்சம். பொத்தானை அழுத்துகிற வேலை. அதைக்கூடச் செய்யாதவர்கள் பாடத்தில் எதைப் புகுத்தினார்கள்?

குளிரறைக்_காவல்
பொத்தானை அழுத்துகிற வேலையா? அழுத்திப் பாருங்கள் அண்ணே. மைனஸ் 80-இல் ஓடும் பெட்டிக்கு எச்சரிக்கை மணியை வழக்கமாக மைனஸ் 70-இல் வைத்திருப்பார்கள். அதை மைனஸ் 60-க்கு மாற்றாமல் வெப்பநிலையை மட்டும் ஏற்றினால் இராத்திரி முழுக்க மணி அடிக்கும். நாலு நாள் பொறுத்துவிட்டு எவனாவது மணியை அணைப்பான். அடுத்த வாரம் கம்ப்ரசர் நின்றால் யாருக்கும் தெரியாது. மைனஸ் 80 இந்த ஊரில் ஆடம்பரம் இல்லை. லோட் ஷெட்டிங்கில், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டில், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை அந்தப் பத்து டிகிரிதான் எங்களுக்கு அவகாசம்.

நேட்டால்_மின்கணக்கு
மணியை மாற்றத் தெரியாதது மைனஸ் 70-இன் குற்றமா? அவகாசம் வேண்டுமென்றால் பெட்டியை நிரப்புங்கள். பாதி காலியான பெட்டிதான் சீக்கிரம் சூடேறும். தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாமல் இடம் விட்டு, வேறு ஃப்ரீசரில் உறையவைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்றாக உள்ளே வையுங்கள். மொத்தமாக வைத்தால் உள்வெப்பம் ஏறிவிடும். வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் வடிகட்டியில் தூசியைத் தட்டுங்கள். டர்பன் ஈரக்காற்றில் கதவு ரப்பரில் பனி கட்டும். அதைச் சுரண்டாவிட்டால் கதவு பொருந்தாது, கம்ப்ரசர் ஓயாது. இதையெல்லாம் விட்டுவிட்டு மைனஸ் 80 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்குவது சோம்பல். ஃபைசரின் எம்.ஆர்.என்.ஏ. கொரோனா தடுப்பூசிக்கே மைனஸ் 90 முதல் மைனஸ் 60 வரை என்றுதான் அளவு கொடுத்தார்கள். உங்கள் மாதிரிகள் அதைவிட மென்மையானவையா?

குளிரறைக்_காவல்
தடுப்பூசி சில மாதங்களில் ஊசியில் ஏறிவிடும். எங்கள் காசநோய் மாதிரிகள் பதினைந்து வருடம் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றா?

நேட்டால்_மின்கணக்கு
பதினைந்து வருடத்தில் மைனஸ் 70-இல் கெட்ட ஒரு மாதிரியைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று.

வேலைவழி_அக்கா
தம்பிமாரே, இழை தொடங்கியது பாடத்தைப் பற்றி. பட்டம் வாங்கிய பிள்ளைக்கு என்ன வேலை என்பதை ஒருவரும் பேசவில்லை. கார்பன் வரி 2019 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது, டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கியது. சிமென்ட் ஆலைக்கும் உருக்காலைக்கும் எரிபொருள் ரசீதிலிருந்து உமிழ்வைக் கணக்கிடத் தெரிந்த ஆள் வேண்டும். பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையமோ "பசுமை வேலை" என்று பலகை மாட்டி, மரம் நடும் தன்னார்வப் படிவத்தை நீட்டுகிறது. முதல் வருடத்திலேயே ஒரு மின்ரசீதைக் கையில் கொடுத்து, இதிலிருந்து டன் கணக்கு எழுதிக் கொண்டுவா என்று சொல்ல ஆள் இல்லை. கோமாட்டி அனல் நிலையத்தை 2022 அக்டோபரில் மூடினார்கள். அங்கிருந்து வந்த தொழிலாளிக்கு மறுபயிற்சி தருவது யார் வேலை?

நேட்டால்_மின்கணக்கு
அக்கா, அதற்குத்தான் ஃப்ரீசரைச் சொல்கிறேன். மாணவர் கையில் மின்மானி கொடுங்கள். ஒரு வாரம் மைனஸ் 80, அடுத்த வாரம் மைனஸ் 70. இரண்டு வாரமும் அறை வெப்பத்தையும் கதவு எத்தனை தரம் திறந்தது என்பதையும் குறிக்க வேண்டும். இல்லையேல் ஒப்பீடு செல்லாது. யூனிட், ராண்ட், டன், மூன்றிலும் அறிக்கை. பாடத்தின் மதிப்பெண்ணில் இருபது சதவீதம். இது வந்தால் பாடம், ஆராய்ச்சி, வேலை மூன்றும் ஒரே இடத்தில் வந்துவிடும்.

கிளேர்_எஸ்டேட்_பேரன்
ஃப்ரீசர், ஃப்ரீசர்! பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே பிசாசர் ரோடு குப்பைமேடு. 1980-இல் நம் வீடுகளுக்கு நடுவே திறந்தார்கள். அங்கேயே குடியிருந்த சஜிதா கான் 2007-இல் சாகும்வரை அதை எதிர்த்துப் போராடினார். அந்தக் குப்பையின் வாயுவில் மின்சாரம் எடுத்துக் கார்பன் கிரெடிட்டாக, அதாவது உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றாக, விற்கும் திட்டம் வந்தது. நிலைத்தன்மை படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

குளிரறைக்_காவல்
கென்னடி ரோட்டுக் குடிசைகளில் இருந்து அதே மேட்டைக் கிளறிப் பிழைத்தவர்களைச் சொல்லாமல் விட்டீர்களே. மூடினால் எங்கள் வயிறு என்னாகும் என்று அவர்கள் கேட்டார்கள். உங்கள் பாடத்தில் அவர்களுக்கு இடம் இல்லையா?

கிளேர்_எஸ்டேட்_பேரன்
யார் இடம் இல்லை என்றது? நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள்.

ஆய்வுக்கூடத்_தோழன்
ஃப்ரீசரைவிட, நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் கப்போர்டுதான் அதிகம் இழுக்கும். கண்ணாடிக் கதவை இறக்கி வைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

நேட்டால்_மின்கணக்கு
உங்கள் கப்போர்டு மாறா வேகத்தில் ஓடுவது என்றால் கதவை இறக்கியும் ஒரு யூனிட் மிஞ்சாது. பாதுகாப்பு மட்டும் கூடும். காற்றோட்டத்தைத் தானாகக் குறைக்கும் வகையில்தான் மிச்சம். எந்த வகை என்று பாராமல் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுவது வண்ணக் கட்டம் ஒட்டுவதற்குச் சமம். ஃப்ரீசருக்கு வாருங்கள். 2024 மார்ச்சிலிருந்து மாதக்கணக்கில் லோட் ஷெட்டிங் இல்லையே, அப்போது ஏன் மாற்றவில்லை?

குளிரறைக்_காவல்
2025 ஜனவரி கடைசியில் திரும்பி வந்ததே, அது கணக்கில் இல்லையா? அதுவும் போகட்டும். மின்சாரம் திரும்பும்போது எல்லாக் கம்ப்ரசரும் ஒரே நொடியில் கிளம்பினால் பிரேக்கர் விழும். பெட்டிக்குப் பெட்டி தாமதம் வைத்துக் கிளப்ப வேண்டும். அந்த வேலை தெரிந்த டெக்னீஷியன் பதவிகள் காலியாகக் கிடக்கின்றன. மைனஸ் 70-ஐப் பற்றி உபதேசம் செய்பவர்களில் ஒருவராவது அந்தப் பதவியை நிரப்பச் சொல்லி எழுதினார்களா?

நேட்டால்_மின்கணக்கு
கேட்டதற்குப் பதில் வரவில்லை. மைனஸ் 70-இல் கெட்ட மாதிரி எங்கே? பெட்டிக்குள் இருப்பவற்றின் பட்டியலாவது இருக்கிறதா? பட்டம் வாங்கிப் போனவர்களின் பெயரில்லாக் குப்பிகளைக் களைந்தாலே ஒரு பெட்டியை முழுதாக அணைத்துவிடலாம்.

குளிரறைக்_காவல்
பட்டியல் இருக்கிறது, உங்களுக்குக் காட்டத் தேவையில்லை. ஜெனரேட்டர் டீசலுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். அதுவரை என் பெட்டிகள் மைனஸ் 80-இல்தான் ஓடும்.