புதுப்பிப்பு: பிள்ளைகளுடன் மலையேறிவிட்டு வந்தோம்

நாலரை வயது மகனையும் ஏழு வயது மகளையும் இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போகலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். சுமார் 9 கிலோமீற்றர் சுற்று, 'உலக முடிவு' என்ற இடத்தில் செங்குத்துப் பள்ளம். சின்னக் கால்களுக்கு இப்போது வேண்டாம் என்றீர்கள். கேட்டது நல்லதாயிற்று.

அதற்குப் பதிலாக, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வேனில் மலைநாட்டு ஊரான எல்லவுக்குப் போய், 1,141 மீற்றர் உயரமுள்ள சின்னச் சிவனொளிபாத மலையில் ஏறினோம். தேயிலைத் தோட்டத்தினூடே மெல்ல ஏறும் பாதை, கடைசியில்தான் படிகள். காலை ஏழு மணிக்கே தொடங்கியதால் வெயில் வாட்டவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மகளின் உள்ளங்கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வைத்து, "இதுதான் மகள் நீங்கள் குடிக்கிற தேநீர்" என்றார். அவள் அதைக் கொழும்புவரை பொத்திக்கொண்டு வந்தாள். எனக்கு மலையுச்சியைவிட அந்த நிமிடம்தான் பெரிது.

படிகளில் மகன் அடம்பிடித்தான்; அவனுடைய அப்பா தோளில் ஏற்றிக்கொண்டார். பாதை காய்ந்திருந்ததால் அட்டைத் தொல்லை இல்லை. தண்ணீர்தான் போதவில்லை, ஆளுக்கொரு போத்தல் கட்டாயம் கொண்டுபோங்கள். உச்சியில் வேலியில்லாத விளிம்புகள் உண்டு. அங்கே பிள்ளைகளின் கையை ஒரு கணமும் விடாதீர்கள்.