புதுப்பிப்பு: சில்ஃப்ராவில் இறங்கிவிட்டேன்

புதுச்சேரி கடலில் மட்டுமே ஸ்கூபா டைவ் அடித்துப் பழகியவன், ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவில் (நன்னீர் நிரம்பிய நிலப்பிளவு) குளிரைத் தாங்குவேனா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். தாங்கினேன். தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான், ஆனால் டிரைசூட்டுக்குள் (தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை) உடம்பு நனையவில்லை. உதடும் விரல்களும்தான் மரத்துப்போயின. வெட்சூட்டே (உள்ளே தண்ணீர் புகும் சாதாரண டைவிங் உடை) போதும் என்று சொன்ன அண்ணன்களே, நல்லவேளை நான் கேட்கவில்லை! டிரைசூட் பயிற்சியோ அனுபவமோ காட்டாமல் அங்கே இறங்க விடமாட்டார்கள்.

லாங்யோகுல் பனிப்பாறையின் உருகுநீர், எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் வடிகட்டப்பட்டு வருவதால் தண்ணீருக்குள் 100 மீட்டர் தாண்டியும் பளிச்சென்று தெரிகிறது. நம்ம ஊரில் மழைக்கு அப்புறம் நீட்டிய கையே தெரியாது. வாயில் பட்ட தண்ணீரைக் குடித்தும் பார்த்தேன், அருமை. மீன்? கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அதற்கு நம்ம கடல்தான் சரி.