கிராண்ட் நின்னுடுச்சு, வேலை போயிடுமா?

புதுசா_வந்தவன்:
வணக்கம். அமெரிக்காவுல பால்டிமோர்ல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் செய்ற ஆராய்ச்சி வேலை), வந்து நாலு மாசம்தான். எங்க லேபுக்கு என்ஐஎச் (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) குடுத்த கிராண்டை, அதாவது ஆராய்ச்சி நிதியை, நிறுத்திட்டாங்கன்னு நேத்து புரொபசர் சொன்னார். ஒரு வருஷ லீஸ் போட்டாச்சு. மனைவிக்கு ஏழாம் மாசம். ராத்திரி தூக்கமே இல்ல, யாராவது வழி சொல்லுங்க.

டெக்சஸ்_மாமா:
தம்பி, ரிசர்ச்சே வேண்டாம், ஐடிக்குத் தாவிடுங்க. 2009ல நான் வந்தப்ப ஒரே ரூம்ல அஞ்சு பேரு. தரையில கம்பளி விரிச்சுப் படுத்தோம். மூணு வேளையும் தயிர்சாதம், ஊறுகாய்க்குக்கூட கணக்கு. நாங்க பொழைக்கலையா?

நியூஜெர்சி_அக்கா:
மாமா, அவர் விசா என்னன்னே தெரியாம தாவுன்னா எப்படி? யூனிவர்சிட்டி மூலமா வாங்கற எச்1பி (வேலை விசா) லாட்டரி, அதாவது குலுக்கல், இல்லாம வர்றது. கம்பெனிக்குப் போனா லாட்டரியில நிக்கணும்.

சான்டியாகோ_ரவி:
பயப்படாதீங்க ப்ரோ, ஓவர்ஹெட்டுக்கு (யூனிவர்சிட்டியோட கட்டடம், ஆபீஸ் செலவுக்கு) 15 சதவீதத்துக்கு மேல தரமாட்டோம்னு என்ஐஎச் சொன்னதைக் கோர்ட்டே தடுத்துடுச்சு.

நியூஜெர்சி_அக்கா:
அது ஓவர்ஹெட் கேஸ், ரவி. ரத்தான கிராண்ட் வேற. 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் 5-4ல அரசாங்கத்துக்குச் சாதகமாத்தான் சொல்லுச்சு, ரத்தான கிராண்ட் பணம் கேக்கணும்னா ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (அரசாங்கத்துக்கிட்ட பணம் கேக்கற வழக்குகளுக்கான கோர்ட்) போகணும்னு.

டெக்சஸ்_மாமா:
என்னத்த கோர்ட்டு! 2025 ஜனவரி 27ல எல்லா கிராண்டையும் நிறுத்தச் சொல்லி வெள்ளை மாளிகை பட்ஜெட் ஆபீஸ் மெமோ, ரெண்டே நாள்ல வாபஸ். நம்ம ஊர் பஞ்சாயத்தே தேவலாம். இங்க கறிவேப்பிலை விலை வேற...

கிராண்ட்_ஆபீஸ்_மீனா:
கறிவேப்பிலையை அப்புறம் பேசலாம் மாமா. புதுசா வந்தவரே, விசா எது? லெட்டர்ல ரத்துன்னு இருக்கா, தற்காலிக நிறுத்தமா, அடுத்த வருஷப் பணம் தாமதமா?

புதுசா_வந்தவன்:
ஜே1 (எக்ஸ்சேஞ்ச் விசிட்டர் விசா). லெட்டர் நான் பாக்கல.

கிராண்ட்_ஆபீஸ்_மீனா:
அப்ப முதல்ல அதைக் கேட்டு வாங்குங்க. கிராண்ட் யூனிவர்சிட்டி பேர்ல இருக்கு, அப்பீலும் அவங்கதான் போடணும். கிராண்ட் நின்ன அன்னிக்கே உங்க வேலை போகாது. சம்பளம் எந்தத் தேதி வரைக்கும், பிரிட்ஜ் ஃபண்டிங் (இடைக்காலத்துக்கு யூனிவர்சிட்டி தர்ற பணம்) உண்டான்னு டிபார்ட்மென்ட்ல ஈமெயில்ல கேளுங்க, வாய்வார்த்தை வேண்டாம். வேலை போனா 60 நாள் இங்க இருக்கலாம்னு எல்லாரும் சொல்றது எச்1பிக்கு, உங்களுக்கு இல்ல. வேற லேப் கிடைச்சா டிஎஸ்-2019 (ஜே1க்கு ஆதாரமான படிவம்) உயிரோட இருக்கும்போதே டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. ரிசர்ச் ஸ்காலர் (ஜே1ல ஆராய்ச்சியாளர் வகை) புரோகிராம் முடிஞ்சுட்டா, அதே வகையில திரும்ப வர 24 மாசம் காத்திருக்கணும். அதனால இன்டர்நேஷனல் ஆபீஸைப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. இன்ஷூரன்ஸ் என்னிக்கு முடியுது, கோப்ரா (வேலை போனாலும் சொந்தக் காசுல அதே இன்ஷூரன்ஸைக் கொஞ்ச காலம் தொடர்ற வசதி) கிடைக்குமான்னு எச்ஆர்ல இன்னிக்கே கேளுங்க. பிரசவம் இருக்கு, லீஸை விட அதுதான் அவசரம்.